குறிசுட்ட அணுவைப் பின்தொடர்ந்தவர்: ஜோர்ஜ் டி ஹெவெசியின் வாழ்வு

1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி. ஜேர்மன் படைகள் டென்மார்க்கினுள் நுழைந்து, தலைநகர் கோப்பன்ஹேகனின் வீதிகளில் அணிவகுத்துக்கொண்டிருந்தன. அந்த நகரில் இருந்த நீல்ஸ் போஹரின் பௌதிகவியல் நிறுவனத்தில் 54 வயதான ஓர் இரசாயனவியலாளர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் முன் நின்றிருந்தார். அதற்குள் தங்கம் கரைந்துகொண்டிருந்தது.

அது இரண்டு நோபல் பதக்கங்களின் தங்கம். ஒன்று மக்ஸ் வொன் லாவுக்கு உரியது, மற்றையது ஜேம்ஸ் பிராங்குக்கு உரியது. இருவரும் ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ஜேர்மன் விஞ்ஞானிகள். பாதுகாப்புக்காகத் தமது பதக்கங்களை போஹரிடம் அனுப்பி வைத்திருந்தார்கள். ஜேர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அப்போது கடுங்குற்றம். பதக்கத்திலோ உரியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அது படையினரின் கையில் அகப்பட்டால், அப்போதும் ஜேர்மனியிலேயே வாழ்ந்துகொண்டிருந்த லாவின் நிலைமை என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதக்கங்களை மண்ணில் புதைத்து விடலாம் என்பதுதான் அந்த இரசாயனவியலாளரின் முதல் யோசனை. இடம்பெயரும்போது நகையையும் காணி உறுதியையும் வளவுக்குள் புதைத்துவிட்டு வந்த எங்களுக்கு அந்த யோசனை புதிதல்ல. ஆனால் போஹர் சம்மதிக்கவில்லை. புதைத்ததை யாரும் தோண்டி எடுத்துவிடலாம் என்பது அவரது அச்சம். ஆகவே நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த இராச திராவகத்தில் பதக்கங்களை இட்டு, அந்த நாளின் பெரும்பகுதியை அவற்றைக் கரைப்பதிலேயே செலவிட்டார் அவர். தங்கம் இலேசில் கரைவதில்லை. வெளியே படை நடந்துகொண்டிருக்க, உள்ளே அவர் காத்திருந்தார். கடைசியில் எஞ்சிய செம்மஞ்சள் நிறத் திரவம் ஒரு சாதாரண இரசாயனப் போத்தலாக இறாக்கையில் போய் அமர்ந்தது. நிறுவனத்தைச் சோதனையிட்ட படையினர் அதைக் கவனிக்கவில்லை. போர் முடிந்த பின்னர் அந்தத் தங்கம் மீட்கப்பட்டு சுவீடனுக்கு அனுப்பப்பட்டது. அதே தங்கத்தில் பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன.

அந்த இரசாயனவியலாளரின் பெயர் ஜோர்ஜ் டி ஹெவெசி. பலரும் அவரை இந்தத் தங்கக் கதையால் மட்டுமே அறிவர். ஆனால் இன்று உலகின் எந்த வைத்தியசாலையிலாவது ஒருவருக்குக் கதிரியக்க மருந்து கொடுக்கப்பட்டு, அது உடலில் எங்கே போகிறது என்று படம் பிடிக்கப்பட்டால், அங்கே நடப்பது ஹெவெசி தொடக்கி வைத்த வேலை. நோயாளி ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு மெய்நிகர் நோயாளியை உருவாக்கி, அவருக்கென்றே மருந்தின் அளவைத் தீர்மானிக்க முயலும் இன்றைய ஆய்வுகளின் வேரும் அவரிடம்தான் இருக்கிறது.

தோல்வியில் பிறந்த யோசனை

ஹெவெசி 1885 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். வசதி படைத்த குடும்பம். யூத வம்சாவளியில் வந்து கத்தோலிக்கராக வாழ்ந்தவர்கள். புடாபெஸ்டிலும் பேர்லினிலும் படித்துவிட்டு, ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் 1908இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் சூரிச், கார்ல்ஸ்ரூ என்று சுற்றி 1911இல் இங்கிலாந்தின் மன்செஸ்டருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரது ஆசான் ஏர்னெஸ்ட் ரதபோர்ட்.

ரதபோர்ட்டிடம் ஒரு பெருங்குவியல் ஈயம் இருந்தது. யுரேனியக் கனிமத்திலிருந்து எஞ்சிய அந்த ஈயத்தினுள் ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஈயத்தை அகற்றி ரேடியம்-டியைத் தனியே பிரித்துத் தந்தால் ஆய்வுக்கு உதவும் என்று அந்த வேலையை ரதபோர்ட் இளைஞரிடம் ஒப்படைத்தார். ஹெவெசி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் முயன்று பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

பிரிக்க முடியாததற்குக் காரணம் எளிமையானது, ஆனால் அன்று யாரும் அறியாதது. ரேடியம்-டி வேறொரு பொருளே அல்ல. அதுவும் ஈயந்தான். ஈயத்தின் கதிரியக்கமுள்ள ஒரு சமதானி, இன்றைய பெயரில் ஈயம்-210. ஒரே மூலகத்தின் இரு வடிவங்களை இரசாயன முறையால் பிரிக்க முடியாது.

வேறொருவராக இருந்தால் வீணான இரண்டு ஆண்டுகளை நினைத்து நொந்து, வேறு வேலைக்குப் போயிருப்பார். ஹெவெசி அந்தத் தோல்வியைத் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவே முடியாது என்றால், ஈயம் போகும் இடமெல்லாம் ரேடியம்-டியும் கூடவே போகும். ரேடியம்-டி கதிர்வீச்சால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே சாதாரண ஈயத்துடன் இதில் ஒரு துளியைச் சேர்த்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈயம் எங்கே போகிறது என்பதை அறிந்துவிடலாம்.

எங்கள் ஊர்களில் மாட்டுக்குக் குறிசுடும் வழக்கத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பட்டியில் நூறு மாடுகள் ஒன்றுபோல நிற்கின்றன. ஒன்றுக்கு மட்டும் குறிசுட்டு விட்டால் அது எந்த வயலில் மேய்ந்தது, எந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தது என்று கேட்டறியலாம். அந்த ஒரு மாடு போன வழியே பட்டி போன வழி. குறி மாட்டின் போக்கை மாற்றுவதில்லை. ஹெவெசியின் குறியும் அணுவின் போக்கை மாற்றுவதில்லை.

1913இல் வியன்னாவில் பிரெட்ரிக் பனெத்துடன் சேர்ந்து, மிகச் சொற்பமாகவே நீரில் கரையும் ஈயச் சேர்வைகளின் கரைதிறனை இந்த முறையால் அளந்து காட்டினார். குறியணு முறையின் முதல் ஆய்வு அது.

மன்செஸ்டர் காலத்தைப் பற்றி ஹெவெசி பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த ஒரு சம்பவமும் உண்டு. அவர் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர், சாப்பாட்டில் மிஞ்சிய இறைச்சியை மறுபடி மறுபடி வேறு கறியாக்கிப் பரிமாறுகிறார் என்று அவருக்கு ஐயம். உரிமையாளரோ எல்லாம் அன்றன்று சமைத்தது என்று சாதித்தார். ஹெவெசி தனது தட்டில் மிஞ்சிய இறைச்சியில் சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து விட்டார். சில நாட்களின் பின் மேசைக்கு வந்த உணவை மின்காட்டியால் சோதித்தபோது அது அசைந்து காட்டியது. பழைய இறைச்சி பிடிபட்டது.

ஊர் விட்டு ஊர்

முதலாம் உலகப் போர் வந்தது. ஹெவெசி ஒஸ்ரியா-ஹங்கேரிப் படையில் சேவை செய்தார். போர் முடிந்து புடாபெஸ்டுக்குத் திரும்பியபோது அவர் விட்டுச்சென்ற நாடு அங்கே இருக்கவில்லை. பேரரசு உடைந்திருந்தது. 1919இல் புரட்சி அரசு வந்தது, சில மாதங்களில் அதை வீழ்த்திய வெண்படையினர் வந்தனர். ஒவ்வொரு மாற்றத்திலும் பல்கலைக்கழகங்கள் களையெடுக்கப்பட்டன. யூத வம்சாவளியினர் மீது வெறுப்பு வளர்ந்தது. ஹெவெசியின் இடமும் பறிபோனது. சொந்த நாட்டில் இனி ஆய்வு இல்லை என்று உணர்ந்த அவர் 1920இல் மன்செஸ்டர் நண்பர் போஹரைத் தேடி கோப்பன்ஹேகனுக்குப் போனார்.

அங்கே அவருக்குப் புகழ் தந்தது வேறொரு கண்டுபிடிப்பு. 1923 ஜனவரியில் டிர்க் கொஸ்ரருடன் சேர்ந்து 72ஆம் இலக்க மூலகத்தை சேர்கன் கனிமத்தில் கண்டுபிடித்தார். தஞ்சம் தந்த நகரின் இலத்தீன் பெயரான ஹாப்னியாவைக் கொண்டு அதற்கு ஹாப்னியம் என்று பெயரிட்டார்கள். எங்கள் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றுடனும் உரூற்றைலுடனும் கிடைப்பதும் இதே சேர்கன்தான். அதற்குள்ளும் ஹாப்னியம் சிறிதளவு ஒளிந்திருக்கிறது.

ஆனால் மருத்துவத்தின் கண்ணால் பார்த்தால் அதே ஆண்டில் அவர் செய்த இன்னொரு வேலையே பெரிது. அவரைச் செடிகளின் வேர்களைக் குறியிட்ட ஈயம் கலந்த நீரில் வைத்து, அது வேரில் எவ்வளவு, தண்டில் எவ்வளவு, இலையில் எவ்வளவு என்று அளந்தார். உயிருள்ள ஒன்றினுள் ஒரு பொருள் போகும் வழியைக் குறியணுவால் பின்தொடர்ந்த முதல் ஆய்வு அது. ஈயம் நஞ்சு. ஆனால் கதிர்வீச்சை அளக்கும் கருவி அத்தனை நுட்பமானதால், செடிக்குத் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவே போதுமாக இருந்தது. உடலைக் குலைக்காமல் உடலைக் கேட்டறியலாம் என்பது அன்று நிரூபணமானது. அடுத்த ஆண்டு விலங்குகளிலும் இதைச் செய்தார்.

1924இல் டென்மார்க்கைச் சேர்ந்த பியா ரீஸை மணந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 1926இல் தான் படித்த பிரைபேர்க்கிலேயே பேராசிரியரானார். வாழ்க்கை நிலைபெற்றுவிட்டது போலத் தோன்றியது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வம்சாவளியினர் பல்கலைக்கழகங்களிலிருந்து துரத்தப்பட்டனர். 1934இல் ஹெவெசி குடும்பத்துடன் மீண்டும் கோப்பன்ஹேகனுக்குப் பெயர்ந்தார். 49 வயதில் இரண்டாம் முறை அதே நகரில் தஞ்சம்.

எலும்பும் ஓய்வதில்லை

பிரைபேர்க்கில் இருந்த கடைசி நாட்களில் ஹெவெசி ஒரு சிறிய கேள்வியைக் கையில் எடுத்தார். நாம் குடிக்கும் தண்ணீர் எத்தனை நாள் உடலில் தங்குகிறது? கனநீர் என்னும் பாரமான ஐதரசன் கொண்ட நீரை மிகவும் ஐதாக்கிக் குடிக்கச் செய்து, சிறுநீரில் அது எவ்வளவு வெளிவருகிறது என்று நாள்தோறும் அளந்தார்கள். ஒரு நீர் மூலக்கூறு உடலில் சராசரியாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தங்குகிறது என்று தெரியவந்தது.

அதே 1934இல் பிரான்சில் ஐரீன் கியூரியும் பிரடெரிக் ஜோலியோவும் சாதாரண மூலகங்களைச் செயற்கையாகக் கதிரியக்கமாக்கலாம் என்று கண்டார்கள். அதுவரை ஹெவெசியிடம் இருந்த கதிரியக்கக் குறிகள் ஈயம், பிசுமது போன்ற உடலுக்குப் புறம்பான பொருட்களே. இப்போது உடலின் சொந்தப் பொருட்களுக்கே குறி வைக்கலாம். கோப்பன்ஹேகனில் அவர் பொசுபரசைத் தெரிந்தெடுத்தார். கந்தகத்தை நியூத்திரன்களால் தாக்கி, 14 நாள் அரைவாழ்வுக்காலம் கொண்ட பொசுபரசு-32ஐத் தயாரித்து, வைத்தியர் கிவிட்சுடன் சேர்ந்து எலிகளுக்கு ஊட்டினார்.

1935இல் வெளியான முடிவு உடற்றொழிலியலையே அசைத்தது. எலும்பு என்பது கட்டி முடித்த சுவர் போல ஒருமுறை ஆனபின் மாறாதது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். வளர்ந்த எலியின் எலும்பும் புதிய பொசுபரசை ஓயாமல் எடுத்துக்கொண்டு, பழையதை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பொசுபரசு அணு எலியின் உடலில் சராசரியாக இரண்டு மாதங்களே தங்கியது. உடல் ஒரு கட்டடமல்ல, ஓடும் ஆறு.

அந்த ஆண்டு போஹரின் 50ஆவது பிறந்தநாளுக்கு டென்மார்க் மக்கள் 100,000 குரோனர் நிதி சேர்த்து 600 மில்லிகிராம் ரேடியம் வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் ஹெவெசியின் ஆய்வுகளுக்கே பெரிதும் பயன்பட்டது. அமெரிக்காவின் பேர்க்லியிலிருந்து ஏர்னெஸ்ட் லோரன்ஸ் தனது சைக்கிளோத்திரனில் தயாரித்த பொசுபரசைத் தபாலில் அனுப்பி உதவினார்.

பிறகு 1940 வந்தது, தங்கம் கரைந்தது. ஆக்கிரமிப்பின் கீழும் ஆய்வு தொடர்ந்தது. 1943 ஒக்ரோபரில் டென்மார்க்கின் யூதர்களைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பும் கட்டளை வந்தபோது, டென்மார்க் மக்கள் 7,000க்கும் அதிகமானோரை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் கடல் கடத்தி சுவீடனில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு ஹெவெசியும் ஸ்டொக்ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தார். புடாபெஸ்ட், பிரைபேர்க், கோப்பன்ஹேகன் என்று மூன்று இடங்களை அரசியல் அவரிடமிருந்து பறித்திருந்தது. 58 வயதில் நான்காவது இடம்.

அங்கேதான் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. போரினால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 1943ஆம் ஆண்டின் இரசாயனப் பரிசு, குறியணு முறைக்காக 1944இல் அவருக்கு வழங்கப்பட்டது. மற்றவர்களின் பதக்கங்களைக் கரைத்துக் காப்பாற்றியவரின் கையில் சொந்தப் பதக்கம் ஒன்று வந்தது.

அளவு என்ன என்ற கேள்வி

ஹெவெசி நோயாளிக்குச் சிகிச்சை செய்த வைத்தியர் அல்ல. அவர் கொடுத்தது ஒரு கேள்வி கேட்கும் முறை. அதைக் கட்டிலருகே கொண்டுபோனவர்கள் வேறு பலர். அவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வைத்தியர் சோல் ஹேர்ட்ஸ். தைரொயிட் சுரப்பி அயடீனை விரும்பி உறிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். 1936இல் ஒரு விரிவுரையின் முடிவில், அயடீனைக் கதிரியக்கமாக்க முடியுமா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து முயல்களில் ஆய்வு தொடங்கி, 1941 மார்ச் இறுதியில் மிகைத் தைரொயிட் நோயுள்ள ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கதிரியக்க அயடீன் கொடுக்கப்பட்டது. ஹேர்ட்ஸ் குறியளவான அயடீனைக் கொண்டு சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பார்த்தார். முதலில் குறி, பிறகு மருந்து. ஹெவெசியின் முறை அப்படியே இங்கே வந்து நிற்கிறது.

1940களில் லியோனிடாஸ் மரினெல்லி என்ற பௌதிகவியலாளர் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். சுரப்பியின் நிறை எவ்வளவு, கொடுத்ததில் எத்தனை வீதத்தை அது எடுத்தது, எத்தனை நாள் வைத்திருந்தது. இம்மூன்றும் தெரிந்தால் அந்தச் சுரப்பிக்குக் கிடைக்கும் கதிர்வீச்சைக் கணக்கிடலாம். இம்மூன்றும் ஆளுக்கு ஆள் மாறுபவை. ஆகவே ஒவ்வொருவருக்கும் வேறு அளவு. கூர்ந்து பார்த்தால், இன்று மெய்நிகர் நோயாளி என்று சொல்லப்படுவதன் முதல் வடிவம் இந்தக் கணக்குத்தான். கணினி இல்லாத காலத்தில் ஒரு கடதாசியில் எழுதப்பட்ட நோயாளி.

ஆனால் நடைமுறை வேறு திசையில் போனது. ஒவ்வொருவரையும் பல நாட்கள் அளப்பதற்கு நேரம் வேண்டும், கருவி வேண்டும், கணக்குத் தெரிந்தவர் வேண்டும். ஆகவே பல வைத்தியசாலைகளில் வகுத்த அளவுகள் வழக்கமாகின. தைரொயிட் புற்றுநோய்க்கு 30 அல்லது 100 மில்லிகியூரி என்பது போல. எங்கள் மத்தியிலும் கதிரியக்க அயடீன் எடுத்து, சில நாட்கள் தனியறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு அந்தச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் அண்மையில் வந்த பலமான மருந்துகளில் இந்தக் கேள்வி மறுபடி தலைதூக்கியிருக்கிறது.

உதாரணமாக லுற்றீசியம்-177. 2018இல் அமெரிக்காவில் நரம்பு அகஞ்சுரப்பிக் கட்டிகளுக்கும், 2022இல் முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்கும் அனுமதிக்கப்பட்டது. முதல் வகைக்கு, ஒரு தடவைக்கு 7.4 கிகாபெக்கரல் வீதம் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை நான்கு தடவை. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 95 கிலோ எடையுள்ள ஆணுக்கும் அதே அளவு. மருந்து கட்டிக்கு மட்டும் போவதில்லை. சிறுநீரகத்துக்கும் எலும்பு மச்சைக்கும் போகிறது. உடலில் கட்டிகள் அதிகமாக இருந்தால் அவையே மருந்தின் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும், சிறுநீரகத்துக்குக் குறைவாகவே போகும். கட்டி சிறியதாக இருந்தால் சிறுநீரகத்துக்குப் போவது கூடும். ஒரே அளவு கொடுத்தாலும் இரண்டு உடல்களுக்குள் நடப்பது ஒன்றல்ல. ஒருவருக்கு அது போதாமல் போகலாம், இன்னொருவருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

கணினிக்குள் ஓர் உடல்

உடலைக் கணக்கால் வரையும் முயற்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹெவெசி இறப்பதற்கு முந்திய ஆண்டான 1965இல் அமெரிக்காவில் உள்ளகக் கதிர்வீச்சு அளவுக்கான ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. 1969இல் வெளியான அவர்களது முதல் கணித மனிதன் உருளை, கூம்பு, நீள்வளையம் போன்ற வடிவங்களால் ஆனவன். நிறை 70 கிலோ. உண்மையில் எந்த நோயாளியும் அவனைப் போல இருப்பதில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் உலகத்தின் நோயாளிகளுக்கெல்லாம் அந்தச் சராசரி மனிதனே பதிலாளாக நின்றான்.

இன்றைய முயற்சி அந்தச் சராசரி மனிதனை விட்டு, குறிப்பிட்ட ஒரு நோயாளியைக் கணினிக்குள் கொண்டுவருவது. ஜேர்மனியின் உல்ம், கனடாவின் வன்கூவர் முதலிய இடங்களில் ஆய்வாளர்கள் இதில் ஈடுபட்டுள்ளனர். நோயாளியின் படங்களிலிருந்து அவரது உறுப்புகளின் அளவும் கட்டிகளின் அளவும் எடுக்கப்படும். இரத்த ஓட்டம், சிறுநீரகம் வடிகட்டும் வேகம், கட்டியின் மேற்பரப்பில் மருந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகளின் எண்ணிக்கை ஆகியவை சமன்பாடுகளாக எழுதப்படும். பிறகு ஒரு சிறிய குறியளவு கொடுத்து எடுத்த படத்துடனோ, முதல் தடவைச் சிகிச்சைக்குப் பின் எடுத்த படங்களுடனோ ஒப்பிட்டு, கணினிக்குள் இருப்பவர் கட்டிலில் இருப்பவரைப் போல நடந்துகொள்ளும் வரை எண்கள் திருத்தப்படும்.

அதன் பின் உண்மையான நோயாளியில் செய்து பார்க்க முடியாததைக் கணினிக்குள் இருப்பவரில் செய்து பார்க்கலாம். அளவைக் கூட்டினால் கட்டிக்கு என்ன, சிறுநீரகத்துக்கு என்ன? இடைவெளியை மாற்றினால்? ஆபத்தான அளவைக் கணினிக்குள் கொடுத்தால் யாருக்கும் நோவதில்லை. ஒரு நோயாளிக்கு நாலு முறை போதுமா, ஆறு தாங்குமா என்பதை முற்கூட்டியே கணிக்கலாம் என்பது நம்பிக்கை.

தனித்தனியாக அளப்பதால் உண்மையில் உயிர் நீளுமா? பிரான்சில் ஈரல் புற்றுநோயாளர்களில் நடத்தி 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. ஈரலின் கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிக்குள் இற்றியம்-90 கொண்ட நுண்ணிய கண்ணாடி மணிகளைச் செலுத்தும் சிகிச்சை அது. இங்கே மெய்நிகர் நோயாளி இல்லை. இருந்தது ஹெவெசியின் பழைய முறை. முதலில் வலுக்குறைந்த குறிமருந்தை அதே நாடியில் செலுத்தி, அது கட்டிக்கு எவ்வளவு, நல்ல ஈரலுக்கு எவ்வளவு போகிறது என்று படம் எடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறையில் அளவு தீர்மானிக்கப்பட்டது. மறு பிரிவினருக்கு அவரவர் கட்டிக்குப் போதுமான கதிர்வீச்சு கிடைக்கும்படி அளவு தனித்தனியே கணக்கிடப்பட்டது. பிரிவுக்கு 28 பேர். வழக்கமான அளவு பெற்றவர்களில் 10 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. தனித்தனி அளவு பெற்றவர்களில் 20 பேருக்குச் சுருங்கியது. உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை முதற்பிரிவில் 10.7 மாதங்கள், இரண்டாம் பிரிவில் 26.6 மாதங்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு 16 மாதங்கள் என்பது சிறிய விடயமல்ல.

மிகைப்படுத்தாமல் சொல்வதானால், மெய்நிகர் நோயாளி இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறார். கணினி மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் போகும் அளவீடு பிழைத்தால் விடையும் பிழைக்கும். ஒருவரைப் பல நாட்கள் வரவழைத்துப் படம் எடுக்கச் செலவும் அலைச்சலும் உண்டு. தூர இடத்திலிருந்து பேருந்தேறி வரும் நோயாளிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். குறைந்த தடவைகள் படம் எடுத்து எஞ்சியதைக் கணினியால் நிரப்ப முடியுமா என்பதும் இந்த ஆய்வுகளின் ஒரு நோக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் வகுத்த விதியில், கதிர்வீச்சுச் சிகிச்சை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே திட்டமிடப்பட வேண்டும் என்றும் அதில் அணு மருத்துவமும் அடங்கும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. விதி வந்துவிட்டது, நடைமுறை இன்னும் முழுதாக வரவில்லை.

கடைசிப் பெயர்வு

போருக்குப் பின் ஹெவெசி சுவீடன் குடியுரிமை பெற்று ஸ்டொக்ஹோமிலேயே தங்கினார். வயது ஏறிய பின்னும் ஆய்வை விடவில்லை. அணுப் பிளவு ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எரித்த காலத்தில், அதே அணுக்கருவின் அறிவைக் கொண்டு இரத்தத்தின் செங்கலங்கள் எத்தனை நாள் வாழ்கின்றன, இரும்பு உடலில் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். அணுவை அமைதிக்குப் பயன்படுத்தியவர்களுக்கான பரிசு 1959இல் அவர் கைக்கு வந்தது.

1966 ஜூலை 5ஆம் திகதி, ஒருகாலத்தில் விட்டு வெளியேறிய பிரைபேர்க்கில், 80 வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடன் கோப்பன்ஹேகனில் பணியாற்றியவரும் தாமும் அகதியாக சுவீடனுக்குப் போனவருமான ஹில்டே லெவி பின்னாளில் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 2001இல் ஹெவெசியின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டு புடாபெஸ்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. பிறந்த ஊரை விட்டுப் போய் 81 ஆண்டுகளின் பின் அவர் வீடு திரும்பினார்.

கணக்கெடுப்பில் ஓர் எண்ணாக நின்று பழகியவர்கள் நாங்கள். முகாமில் ஓர் இலக்கம், நிவாரண அட்டையில் ஓர் இலக்கம். வைத்தியசாலைக் கட்டிலிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறோம். உங்களுக்கோ உறவினருக்கோ கதிரியக்க மருந்து கொடுக்கப்படுமானால், இந்த அளவு எப்படித் தீர்மானிக்கப்பட்டது, சிறுநீரகத்துக்கு எவ்வளவு போகும், பிறகு படம் எடுத்துப் பார்ப்பீர்களா என்று வைத்தியரிடம் தாராளமாகக் கேட்கலாம். பல வேளைகளில் வகுத்த அளவே சரியான அளவு என்று அவர் விளக்கக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கத் தகுந்த கேள்வி. ஓர் அவரைச் செடியிடம் 1923இல் ஹெவெசி முதன்முதலில் கேட்டதும் அதையேதான்: கொடுத்தது எவ்வளவு, அது எங்கே போனது?